பி.எஸ்.ஏ. 7.2லிருந்து 5.1 ஆகக் குறைந்தது, ஆனால் ஃப்ரீ பி.எஸ்.ஏ. 11 சதவீதம்: பயாப்சி தேவையா?

தென்னந்தோப்பு எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமம், கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஓசூரில் இருக்கிறேன். பாதி விஷயம் போனில்தான் நடக்கிறது.

ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போகிறார் என்று போன வருடம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவராக வாயைத் திறக்க மாட்டார். தஞ்சாவூரில் ஒரு யூராலஜி டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேனில் புரோஸ்டேட் 64 கிராம், ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட்டுக்காகப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை) 7.2. விரல் வைத்துப் பார்த்துவிட்டு, கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, வயதுக்கு வருகிற வீக்கம் மாதிரிதான் இருக்கிறது என்றார். டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்த காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். அப்பா அதை ஒரு நாள் விடாமல் சாப்பிடுகிறார். இப்போது இரவில் ஒரு தடவை எழுந்தால் அதிகம்.

ஒரு வருடம் ஆகிவிட்டதே என்று போன வாரம் ஊரிலேயே ஒரு கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் கொடுத்தார். பி.எஸ்.ஏ. 5.1. கூடவே ஃப்ரீ பி.எஸ்.ஏ. 0.56, அதாவது 11 சதவீதம் என்று போட்டு, பக்கத்தில் சிவப்பில் ஒரு நட்சத்திரம். மாமா, "ஏழு அஞ்சாச்சு, மருந்து கேக்குது, விடு" என்கிறார். நான் இணையத்தில் தேடினால் ஃப்ரீ குறைந்தால் கேன்சர் என்று வருகிறது. இதற்கிடையில் அந்த சென்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்து, ஆண்களுக்கான கேன்சர் மார்க்கர் பேக்கேஜ் ஒன்று இருக்கிறது, ஐந்து டெஸ்ட் சேர்த்துச் சலுகை விலை, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள்.

டாக்டரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரை எனக்குத் தூக்கம் வராது போல. குறைந்த எண்ணை நம்புவதா, நட்சத்திரம் போட்ட எண்ணை நம்புவதா?

பொன்மலை ரிட்டயர்டு எழுதியது:

தம்பி, எனக்கு 74. 2016ல் சிறுநீர் அடைத்துக்கொண்டு உயிர் போகிற வலி. ராத்திரியோடு ராத்திரியாக டியூப் போட்டார்கள். டியூப் போட்ட மறுநாளே யாரோ பி.எஸ்.ஏ.வுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். 18 என்று வந்தது. வீட்டில் எல்லாரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வேறொரு டாக்டர் திரும்ப எடுக்கச் சொன்னார், 6 சொச்சம். பயாப்சியும் செய்தார்கள், கேன்சர் இல்லை. அப்புறம் டர்ப் ஆபரேஷன் செய்து சுரண்டி எடுத்த சதையையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. இந்த எண் ஏறும் இறங்கும், பயப்பட வேண்டாம். உங்கள் அப்பாவுக்கு இறங்கித்தானே இருக்கிறது, நிம்மதியாக இருங்கள்.

சென்ட்ரிஃபியூஜ் அக்கா எழுதியது:

நான் டாக்டர் இல்லை. 1989லிருந்து ஓய்வு பெறும் வரை பயோகெமிஸ்ட்ரி லேபில் ரத்தம் எடுத்த டெஸ்ட் டியூப்போடு குடும்பம் நடத்தியவள். அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொன்மலை சார் சொன்னது அவருடைய நிலைமைக்குச் சரி. சிறுநீர் அடைப்பு, டியூப், கிருமித் தொற்று எல்லாமே பி.எஸ்.ஏ.வைத் தூக்கிவிடும். அந்தச் சமயத்தில் எடுத்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. ஆனால் தம்பியின் அப்பா கதை வேறு. அவர் டூட்டாஸ்டெரைடு சாப்பிடுகிறார்.

தம்பி, 7.2 என்பது 5.1 ஆனதை மருந்து கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புரோஸ்டேட் செல்கள் பி.எஸ்.ஏ.வைத் தயாரிப்பது ஆண் ஹார்மோனின் உத்தரவில். டெஸ்டோஸ்டெரோனை அதைவிட வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டெரோனாக மாற்றும் என்சைமைத்தான் டூட்டாஸ்டெரைடும் ஃபினாஸ்டெரைடும் தடுக்கின்றன. உத்தரவு தளர்ந்தால் உற்பத்தி குறையும். ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும், கேன்சர் இல்லாதவருக்கும், பல சமயம் இருப்பவருக்கும். அதனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவரின் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். 5.1ஐப் பெருக்கினால் 10.2. போன வருட 7.2வோடு ஒப்பிட வேண்டிய எண் அதுதான். டாம்சுலோசினுக்கு இந்த வேலை கிடையாது. அது தசையைத் தளர்த்துவதோடு சரி, பி.எஸ்.ஏ.வைத் தொடாது.

லேப் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் படிவத்தில் 'சாப்பிடும் மருந்துகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பி அனுப்பிய ஆளை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது மாதத்திலோ ஆறாவது மாதத்திலோ ஒரு பி.எஸ்.ஏ. எடுத்திருக்க வேண்டும். இனிமேல் அவருக்கு அதுதான் ஆரம்பப் புள்ளி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும்போதே அந்தக் குறைந்த எண்ணிலிருந்து மேலே ஏறினால், நார்மல் என்று போடுகிற 4க்குக் கீழே இருந்தாலும் ஏன் என்று பார்த்தாக வேண்டும். ஃபைலில் நடுவில் எடுத்த ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

இப்போது ஃப்ரீ பி.எஸ்.ஏ. விஷயத்துக்கு வருகிறேன். இதை யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை.

பி.எஸ்.ஏ. கேன்சர் தயாரிக்கிற விஷம் எதுவும் இல்லை. 237 அமினோ அமிலம் கொண்ட ஒரு சாதாரண புரதம், புரதத்தை வெட்டும் என்சைம். வெளியேறியதும் கட்டிப்படும் விந்தைத் திரும்ப நீர்க்க வைப்பதுதான் அதன் வேலை. விந்தில் அது ஒரு மில்லிக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். ரத்தத்தில் நாம் அளப்பது நானோகிராம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சுரப்பிக்குள் இருக்க வேண்டியது கொஞ்சம் ரத்தத்தில் கசிகிறது, அந்தக் கசிவைத்தான் அளக்கிறோம். சாதா வீக்கத்தில் சுரப்பியே பெரிதாகிவிடுவதால் கசிவும் கூடும். கேன்சர் செல் உண்மையில் நல்ல செல்லைவிடக் குறைவாகத்தான் பி.எஸ்.ஏ. தயாரிக்கிறது. ஆனால் அது சுரப்பியின் அடிச்சுவரை உடைத்துவிடுவதால், தயாரித்தது நேராக ரத்தத்துக்குப் போகிறது. இரண்டு வழியிலும் வெளியே தெரிவது ஒரே எண். எந்த வழியாக வந்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

4.0 என்ற எல்லையையும் ரொம்பக் கும்பிட வேண்டாம். அமெரிக்காவில் ஃபினாஸ்டெரைடை வைத்துச் செய்த பெரிய தடுப்பு ஆய்வில், மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டு, பி.எஸ்.ஏ. 4ஐத் தாண்டாமலே இருந்த 2,950 பேருக்குக் கடைசியில் பயாப்சி செய்தார்கள். 15 சதவீதம் பேருக்குக் கேன்சர் இருந்தது. 2004ல் வெளியான முடிவு இது. எங்கள் டாக்டர்கள் மத்தியில் அன்றைக்குப் பெரிய பேச்சு.

ரத்தத்துக்குள் வந்த பி.எஸ்.ஏ.வில் பெரும்பகுதியை ஆல்ஃபா ஒன் ஆன்டிகைமோட்ரிப்சின் என்ற இன்னொரு புரதம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் தனியாக அலைவதுதான் ஃப்ரீ. வீங்கிய சுரப்பியில் தயாராகும் பி.எஸ்.ஏ. அங்கேயே ஓரிரு இடத்தில் நறுக்குப்பட்டு, வேலை செய்யாததாக ஆகிவிடுகிறது. அப்படிப்பட்டதில் ஆன்டிகைமோட்ரிப்சின் ஒட்ட முடியாது, அதனால் ஃப்ரீ கூடுகிறது. கேன்சரிலிருந்து வருவது நறுக்குப்படாமல் முழுசாக வரும், சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், ஃப்ரீ குறையும். 1991ல் ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் கண்டுபிடித்தது இது.

1998ல் வந்த கேட்டலோனா குழுவின் ஆய்வுக் கணக்கைத்தான் பல லேப் ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் அச்சடிக்கிறார்கள். பி.எஸ்.ஏ. 4 முதல் 10 வரை, விரலுக்குக் கட்டி தட்டுப்படாதவர்கள். ஃப்ரீ 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கேன்சர் இருக்க வாய்ப்பு 56 சதவீதம். 25க்கு மேல் இருந்தால் 8. பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் 28. உங்கள் அப்பா இந்த நடுப் பெட்டியில் வருகிறார் (பெருக்கிய 10.2 அந்தப் பத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது, அதனால் தோராயமாகத்தான்). அதாவது அவரைப் போன்ற நூறு பேரில் எழுபத்து இரண்டு பேருக்குக் கேன்சர் இல்லை. அந்தச் சிவப்பு நட்சத்திரத்துக்கு இவ்வளவுதான் அர்த்தம். டூட்டாஸ்டெரைடு மொத்தத்தையும் ஃப்ரீயையும் சேர்த்தே இறக்குவதால் சதவீதம் பெரிதாக மாறாது. அதனால் இந்தச் சதவீதத்தை இரண்டால் பெருக்காதீர்கள்.

ஆனால் அந்த 11ஐ நான் அப்படியே நம்ப மாட்டேன். இது என் தொழில் புத்தி. ஃப்ரீ பி.எஸ்.ஏ. ரொம்ப மென்மையான ஆசாமி. ரத்தம் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் சுழற்றி சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். ஒரு நாளுக்குள் அளக்க முடியாது என்றால் உறைய வைக்க வேண்டும். பிரிக்காமல் வெயிலில் கிடந்தால் ஃப்ரீ மளமளவென்று இறங்கும், மொத்த பி.எஸ்.ஏ. அவ்வளவாக அசையாது. சதவீதம் பொய்யாகக் குறையும். காலை ஏழு மணிக்கு ஊரில் எடுத்த ரத்தம், பையன் பைக்கில் பட்டுக்கோட்டை போய், அங்கிருந்து பஸ்ஸில் பெரிய ஊர் போய்ச் சேர எத்தனை மணி ஆனது என்று யாரும் ரிப்போர்ட்டில் போட மாட்டார்கள். சென்டரில் சென்ட்ரிஃபியூஜ், அதாவது ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம், இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

(எனக்கு இதெல்லாம் பழக்கம். நான் சேர்ந்த புதிதில் எங்கள் லேபில் பி.எஸ்.ஏ. கிடையாது, ஆசிட் பாஸ்பட்டேஸ்தான். 1938லேயே குட்மன் தம்பதி புரோஸ்டேட் கேன்சரோடு சேர்த்துச் சொன்ன என்சைம் அது. டார்ட்ரேட் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை அளந்து, கழித்துப் பார்ப்போம். சீரத்தை மேசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் வந்து பார்க்கும்போது என்சைம் பாதி செத்திருக்கும். அதுவும் நோய் எலும்பு வரை போன பிறகுதான் பளிச்சென்று ஏறும். அந்தக் காலத்தோடு பார்த்தால் இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது நல்ல கருவிதான்.)

திரும்ப எடுக்கும்போது மருத்துவமனையோடு சேர்ந்த, கருவி அங்கேயே இருக்கிற லேபில் எடுங்கள். இனிமேல் எப்போதும் அதே லேப். ஒரே ரத்தத்தை இரண்டு கம்பெனிக் கருவியில் ஓட்டினால் இருபது சதவீதம் வரை வித்தியாசம் வரலாம், ஏனென்றால் அளவுகோல் வேறு. பழைய ஹைப்ரிடெக் அளவுகோலில் 4 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் ஏறக்குறைய 3.1. இரண்டு நாள் முன்னாலிருந்து தாம்பத்திய உறவு வேண்டாம், சைக்கிளில் நெடுந்தூரம் வேண்டாம். சிறுநீரில் கிருமி இல்லை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். இந்த மாதிரிப் பேக்கேஜில் வழக்கமாக இருப்பது சி.இ.ஏ., ஏ.எஃப்.பி., சி.ஏ. 19-9 இப்படித்தான். குடல், கல்லீரல், கணையம் சம்பந்தப்பட்டவை. புரோஸ்டேட்டுக்கு அதில் ஒரு செய்தியும் கிடைக்காது. ஏதாவது ஒன்று லேசாக ஏறி வந்து இன்னொரு நட்சத்திரம் போட்டால் அதற்கும் நீங்கள் தூங்க மாட்டீர்கள்.

உருப்படியான அடுத்த கட்ட ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. புரோஸ்டேட் ஹெல்த் இன்டெக்ஸ் என்பார்கள். ஃப்ரீ பி.எஸ்.ஏ.விலும் மூன்று ஜாதி இருக்கிறது. நான் சொன்ன நறுக்குப்பட்டது சாதா வீக்கத்தின் பக்கம். வால் முழுதாகக் கழலாத புரோ பி.எஸ்.ஏ. என்பது கேன்சர் பக்கம் சாய்வது. அந்தப் புரோவில் ஒரு வகையை அளந்து, ஃப்ரீயால் வகுத்து, மொத்த பி.எஸ்.ஏ.வின் வர்க்கமூலத்தால் பெருக்குவார்கள். நல்ல டெஸ்ட், ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது. உங்களுக்கு இப்போது அதைவிட எம்.ஆர்.ஐ. உபயோகம் என்று நான் நினைக்கிறேன். டாக்டர் சொல்லட்டும்.

முன்நெற்றி எழுதியது:

அக்கா, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு 46. முடி கொட்டுகிறது என்று மூன்று வருடமாக ஃபினாஸ்டெரைடு 1 மில்லிகிராம் சாப்பிடுகிறேன், கூடவே பயோட்டின் மாத்திரை 10 மில்லிகிராம். கம்பெனி மாஸ்டர் செக்கப்பில் பி.எஸ்.ஏ. 1.1. நார்மல் என்று பச்சையில் போட்டிருக்கிறார்கள். இதையும் இரண்டால் பெருக்கணுமா? பக்கத்து வீட்டுக்காரர் பூசணி விதை சாப்பிட்டால் போதும் என்கிறார்.

சென்ட்ரிஃபியூஜ் அக்கா எழுதியது:

பெருக்கணும். முடிக்குச் சாப்பிடும் ஒரு மில்லிகிராமும் பி.எஸ்.ஏ.வைக் குறைக்கும். முடி மாத்திரையை மாத்திரை என்றே யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, டாக்டர் கேட்டால் கூடச் சொல்வதில்லை.

பயோட்டின் வேறு கதை. அது உடம்பில் எதையும் மாற்றாது, எங்கள் கருவியைக் குழப்பும். பல கருவிகளில் ஆன்டிபாடியைப் பிடித்து நிறுத்தப் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடினையும்தான் கொக்கியாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ரத்தத்தில் மிதக்கிற பயோட்டின் போய் அந்தக் கொக்கியில் உட்கார்ந்துகொண்டால் பி.எஸ்.ஏ. உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். 10 மில்லிகிராம் பெரிய அளவு. டாக்டரிடம் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று நாள் முன்னால் நிறுத்திவிட்டு ஒரு முறை எடுங்கள். 46 வயதில் பெருக்கினாலும் 2.2தான், கவலைப்படுகிற எண் இல்லை. பூசணி விதையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும்.

தென்னந்தோப்பு எழுதியது:

அக்கா, கிடைத்தது. அப்பா ஒரு கிளிப் ஃபைல் வைத்திருக்கிறார், மின்சார பில்லோடு ரிப்போர்ட்டையும் தேதி வாரியாகக் கோத்து வைத்திருக்கிறார். சங்கத்து ஆடிட் பழக்கம். மாத்திரை ஆரம்பித்த ஆறாவது மாதம் ஒரு பி.எஸ்.ஏ. எடுத்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. 3.4. சென்டரில் சென்ட்ரிஃபியூஜ் இல்லை, "வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடும் சார்" என்றார்கள்.

சென்ட்ரிஃபியூஜ் அக்கா எழுதியது:

7.2, 3.4, 5.1. உங்கள் டாக்டர் பார்க்க வேண்டியது இந்த மூன்று எண்ணும் இதே வரிசையில்தான். 7.2 பாதியாகி 3.4க்கு வந்தது மருந்து ஒழுங்காக வேலை செய்ததற்கு அடையாளம். மாத்திரையை விடாமல் சாப்பிடும்போதே 3.4 திரும்ப 5.1க்கு ஏறியிருக்கிறது. எண் தானாகவே பதினைந்து இருபது சதவீதம் ஆடும், லேபும் மாறியிருக்கிறது, அதையெல்லாம் கழித்தாலும் இது கொஞ்சம் பெரிய ஏற்றம். அப்பாவிடம் நடுவில் மாத்திரையை விட்டாரா என்று கேளுங்கள். விடவில்லை என்றால் பத்து நாள் காத்திருக்காமல் போன் செய்து முன்னாலேயே நேரம் கேளுங்கள். பதற வேண்டிய அவசரம் இல்லை, ஆனால் விடுகிற விஷயமும் இல்லை. அந்த ஃபைலை அப்படியே கொடுங்கள், மின்சார பில்லோடு சேர்த்து.

தென்னந்தோப்பு எழுதியது (இரண்டு மாதம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி சொல்லவும், இன்னொரு சந்தேகம் கேட்கவும் வந்தேன். டாக்டர் மூன்று எண்ணையும் பார்த்துவிட்டு அங்கேயே ரத்தம் எடுக்கச் சொன்னார். பி.எஸ்.ஏ. 5.3, ஃப்ரீ 14 சதவீதம். எம்.ஆர்.ஐ.யில் சுரப்பி 51 கிராம், இடது ஓரத்தில் 9 மில்லிமீட்டரில் ஒரு இடம், பைராட்ஸ் 4 (எம்.ஆர்.ஐ.யில் கேன்சர் சந்தேகத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை போடும் மதிப்பெண்). பயாப்சி செய்தார்கள், 14 துண்டு. 13ல் சாதா வீக்கம்தான். ஒரே ஒரு துண்டில் கண்ணுக்கே தெரியாத அளவு சந்தேகமான இடம் என்று சொல்லி இம்யூனோ என்று இன்னொரு டெஸ்ட்டுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். அதன் ரிப்போர்ட்: பி63 நெகட்டிவ், ஹெவி மாலிக்யூலர் கெராட்டின் நெகட்டிவ், ஏ.எம்.ஏ.சி.ஆர். பாசிட்டிவ். முடிவாக கிளீசன் 3+3, கிரேடு குரூப் 1.

அம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, இரண்டு நெகட்டிவ் ஒரு பாசிட்டிவ், அப்படியென்றால் இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்கிறாள். மாமா இப்போது எதிர்ப்பக்கம் போய்விட்டார், உடனே ஆபரேஷன், பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் என்கிறார். டாக்டர் ஆபரேஷன் வேண்டாம், கண்காணிப்போம் என்கிறார். எனக்குக் கேன்சர் என்று எழுதிக்கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொல்வது புரியவில்லை.

மெழுகுக்கட்டி எழுதியது:

நான் நோய்க்குறியியல் மருத்துவர். பெயர் வேண்டாமே. அம்மாவின் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நல்ல கேள்வி.

இங்கே நெகட்டிவ் நல்ல சேதி இல்லை. புரோஸ்டேட்டின் ஒவ்வொரு சின்னச் சுரப்பிக்கும் இரண்டு அடுக்கு செல் உண்டு. உள் அடுக்குதான் பி.எஸ்.ஏ. சுரப்பது. அதற்கு வெளியே தட்டையாக ஒரு அடித்தள அடுக்கு. சாதா வீக்கத்தில் சுரப்பி எவ்வளவு பெருத்தாலும் அந்த வெளி அடுக்கு இருக்கும். கேன்சரில் அது இருக்காது. மைக்ராஸ்கோப்பில் ரொம்பச் சின்ன இடமாக இருந்தால் அடுக்கு இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் மட்டும் தீர்மானிக்க முடியாது. அதனால் அந்த அடுக்குக்கே உரிய புரதங்களைத் தேடிச் சாயம் ஏற்றுகிறோம். பி63 செல்லின் உட்கருவிலும், அந்தக் கெராட்டின் செல்லின் உடலிலும் பழுப்பாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் இருக்கிற நல்ல சுரப்பிகளில் தெரிந்து, சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் தெரியவில்லை என்றால் அடுக்கு அங்கே இல்லை. ஏ.எம்.ஏ.சி.ஆர். நேர்மாறு. கொழுப்பு அமிலத்தைக் கையாளும் ஒரு என்சைம், கேன்சர் செல்லில்தான் அதிகமாக இருக்கும். அது சில நேரம் கேன்சர் ஆகாத இடத்திலும் ஒட்டும் என்பதால் அதை மட்டும் வைத்து நாங்கள் எழுதுவதில்லை. மூன்றும் ஒரே திசையைக் காட்டி, செல்லின் வடிவமும் ஒத்துப்போனால் எழுதுவோம். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட் அப்படித்தான் வந்திருக்கிறது.

ஆனால் கிரேடு குரூப் 1, ஒரே துண்டு. இது புரோஸ்டேட் கேன்சரில் ரொம்பச் சாதுவான வகை. கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தம் இல்லை. குறிப்பிட்ட இடைவெளியில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., மறுபடி பயாப்சி எல்லாம் உண்டு. தரம் மாறினால் அப்போது சிகிச்சை. பிரிட்டனில் ப்ரொடெக்ட் என்று ஓர் ஆய்வு, 1,643 ஆண்கள். ஒரு பங்கினரைக் கண்காணித்தார்கள், ஒரு பங்கினருக்கு ஆபரேஷன், ஒரு பங்கினருக்குக் கதிர்வீச்சு. 15 வருட முடிவு 2023ல் வந்தது. மூன்று பிரிவிலும் புரோஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம்தான், பெரிய வித்தியாசம் இல்லை. நோய் பரவியவர்கள் கண்காணிப்புப் பிரிவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அதில் உங்கள் அப்பாவைவிடக் கடுமையான வகையும் சேர்ந்திருந்தது. ஆபரேஷனுக்கு விலை உண்டு. சிறுநீர் கசிவோடு பேட் கட்டிக்கொண்டு வாழ்கிறவர்களை நான் அறிவேன்.

பி.எஸ்.எம்.ஏ. வேறு புரதம். ரத்தத்தில் தேடுவது கிடையாது, செல்லின் மேல்தோலில் உட்கார்ந்திருப்பது. அதில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி, எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பெட் ஸ்கேனில் பார்ப்பார்கள். கடுமையான வகைக்கும் திரும்பி வந்த நோய்க்கும் அருமையான பரிசோதனை. குரூப் 1க்கு அது தேவையில்லை. மாமாவின் அக்கறை புரிகிறது, அந்தப் பணத்தை அடுத்த எம்.ஆர்.ஐ.க்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பயாப்சிக் கண்ணாடித் துண்டுகளையும் மெழுகுக் கட்டிகளையும் வாங்கி, சிறுநீரகப் பாதை நோய்களையே அதிகம் பார்க்கிற இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் ஒரு முறை காட்டுங்கள். கிளீசன் என்பது மைக்ராஸ்கோப்பில் கேன்சரின் வடிவத்தைப் பார்த்துப் போடும் தரம், அதில் 3க்கும் 4க்கும் நடுவில் இரண்டு பேர் கருத்து வேறுபடுவது சகஜம். கண்காணிப்பு என்று முடிவெடுப்பதே அந்த எண்ணை நம்பித்தான்.

சென்ட்ரிஃபியூஜ் அக்கா எழுதியது:

டாக்டர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. லேப் பக்கத்திலிருந்து மட்டும் ஒன்று. பயாப்சி ஊசி போனதில் பி.எஸ்.ஏ. எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். குறைந்தது ஆறு வாரம் போகட்டும், அதற்கு முன்னால் யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். டூட்டாஸ்டெரைடைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தினால் எண் இரட்டிப்பாகி எல்லாரும் மறுபடி அழுவீர்கள். படிவத்தில் மருந்தின் பெயரை எழுதுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எனக்குக் கோபம் வரும்.

தென்னந்தோப்பு எழுதியது:

சரி அக்கா, எழுதிவிடுகிறேன். ஸ்லைடு வாங்கவும் சொல்லியாகிவிட்டது. அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுக்கலாமா என்று கேட்கச் சொல்கிறார்.

சென்ட்ரிஃபியூஜ் அக்கா எழுதியது:

கொடுக்கலாம். பி.எஸ்.ஏ.வுக்கு வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்றால் மட்டும் இட்லியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.